தக்காளி: மண்டியா, சூப்பர் மார்க்கெட் மையமா? கையில் நிற்கும் விலையைக் கணக்கிடும் முறை

மண்டியில் கிலோ 18 ரூபாய், சூப்பர் மார்க்கெட் கொள்முதல் மையத்தில் 20 ரூபாய் என்றால் வண்டியை மையத்துக்குத் திருப்பத்தான் தோன்றும். பல நாள் அந்த முடிவில் நட்டம்தான் வரும். காரணம், இரண்டும் ஒரே பொருளுக்கான விலை இல்லை. மண்டியில் சொல்வது ரகம் பிரிக்காமல் பெட்டியோடு போகும் கலப்புப் பழத்துக்கான விலை. மையத்தில் சொல்வது பொறுக்கி எடுத்த பழத்துக்கு மட்டுமான விலை. பொறுக்கியது போக மிஞ்சும் பழம் யார் தலையில் விழுகிறது என்று பார்த்த பிறகே எது லாபம் என்று சொல்ல முடியும்.

பாலக்கோடு, ராயக்கோட்டை, சூளகிரி, ஓசூர் வட்டாரத்தில் தக்காளி போடுகிறவர்களுக்கு இரண்டு வழியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. இங்கே உள்ள கணக்கு முறை கத்தரி, பீன்ஸ், குடைமிளகாய், கோஸ் எல்லாவற்றுக்கும் பொருந்தும். தக்காளியை எடுத்துக்கொண்டது, அதில்தான் கழிவும் விலை ஆட்டமும் அதிகம் என்பதால். கீழே வரும் கூலி, வாடகை, விலை எல்லாம் கணக்குக்காக வைத்த எண்கள். உங்கள் ஊர் எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவுகோல் ஒன்றே ஒன்று

பறித்த மொத்தக் கிலோவுக்குக் கையில் நின்ற பணம் எவ்வளவு என்பதே அளவுகோல். விற்ற கிலோவால் வகுத்தால் கணக்கு ஏமாற்றிவிடும். 1,000 கிலோ பறித்து 620 கிலோ மட்டும் 20 ரூபாய்க்குப் போனால் உங்கள் விலை 20 ரூபாய் அல்ல. பறிப்புக் கூலி ஆயிரம் கிலோவுக்கும் கொடுத்தாகிவிட்டது. மருந்தும் உரமும் ஆயிரத்துக்கும் போயிருக்கிறது.

ஒவ்வொரு பறிப்புக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பறித்த பெட்டி, பெட்டியின் உண்மையான எடை, விலை போட்ட எடை, விலை, கமிஷன், வண்டி வாடகை, இறக்குக் கூலி, தரம் பிரித்த ஆள்கூலி, திரும்பி வந்த பழம், பணம் கைக்கு வந்த தேதி ஆகியவற்றை எழுதுங்கள். பறிப்புக் கூலி இரு வழிக்கும் பொது என்பதால் ஒப்பிடும்போது அதை விட்டுவிடலாம்.

மண்டி வழி

1,000 கிலோ பறித்து, 25 கிலோ பெட்டியில் 40 பெட்டி ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஏல விலை கிலோ 18 ரூபாய். பெட்டிக்கு ஒரு கிலோ கழிவு என்று 24 கிலோவுக்குத்தான் சீட்டு போடுகிறார்கள் என்றால் விலை கிடைப்பது 960 கிலோவுக்கு. அது 17,280 ரூபாய். கமிஷன் நூற்றுக்குப் பத்து என்றால் 1,728 போகும். வண்டி வாடகை பெட்டிக்கு 20 வீதம் 800, இறக்குக் கூலி 5 வீதம் 200. மீதி 14,552 ரூபாய். பறித்த கிலோவுக்கு 14 ரூபாய் 55 காசு.

சொன்ன 18 ரூபாய்க்கும் கையில் நின்றதற்கும் இடையில் மூன்றரை ரூபாய் கரைந்துவிட்டது. இதில் கமிஷன் எல்லோர் கண்ணுக்கும் தெரியும், அதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். சத்தமில்லாமல் போவது கழிவு எடை. பெட்டிக்கு ஒரு கிலோ என்றால் அதுவே நூற்றுக்கு நான்கு. 'கொஞ்சம் தாராளமாகப் போடு' என்று பெட்டியில் 27, 28 கிலோ ஏற்றச் சொல்லி, 25-க்கே விலை போட்டால் அதுவும் அதே வகைதான்.

மைய வழி

அதே 1,000 கிலோ. தோட்டத்திலேயே தரம் பிரித்தால் 650 கிலோ முதல் ரகம் தேறுகிறது. மையத்தில் அவர்கள் மறுபடி பார்த்து 30 கிலோவைத் தள்ளுகிறார்கள். ஏற்றுக்கொண்டது 620 கிலோ, 20 ரூபாய் வீதம் 12,400. தரம் பிரிக்க இரண்டு ஆள், 800 ரூபாய். 26 பெட்டிக்கு வண்டி வாடகை 520. மையத்தில் கமிஷன் இல்லை. கையில் 11,080 ரூபாய்.

மிஞ்சிய 380 கிலோ எப்படியும் மண்டிக்குத்தான் போக வேண்டும். நல்ல பழம் கலக்காத இரண்டாம் ரகத்துக்கு 18 ரூபாய் யாரும் தரமாட்டார்கள். 9 ரூபாய் என்று வைத்தால், கழிவு எடை, கமிஷன், 15 பெட்டி வாடகை, இறக்குக் கூலி போகச் சுமார் 2,580 ரூபாய் தேறும். இரண்டும் சேர்த்து 13,660. பறித்த கிலோவுக்கு 13 ரூபாய் 66 காசு.

ஆக, போர்டில் இரண்டு ரூபாய் கூடுதலாக இருந்தும் கையில் கிலோவுக்கு ஏறத்தாழ 90 காசு குறைவு. இந்தத் தோட்டத்துக்கு மையம் லாபமாக வேண்டுமானால் அவர்கள் 21 ரூபாய் 45 காசுக்கு மேல் தர வேண்டும். அதாவது மண்டி விலைக்கு மேல் சுமார் மூன்றரை ரூபாய்.

உங்கள் எண்ணைக் கண்டுபிடிக்க: மண்டி வழியில் கையில் நிற்கும் தொகையோடு மையத்துக்கான செலவைக் (தரம் பிரிப்பு, வாடகை) கூட்டுங்கள். இரண்டாம் ரகத்தில் கிடைக்கும் தொகையைக் கழியுங்கள். வந்ததை மையம் ஏற்கும் கிலோவால் வகுங்கள். அதுதான் நீங்கள் மையத்தில் கேட்க வேண்டிய அடி விலை. அதற்குக் கீழே போனால் மண்டியே மேல்.

இதையே திருப்பிப் பாருங்கள். அதே 20 ரூபாய்தான், ஆனால் 1,000 கிலோவில் 770 கிலோ ஏற்றுக்கொள்ளப்படுகிறது என்றால் மொத்தம் 15,500 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வரும். கிலோவுக்கு பதினைந்தரை. இப்போது மையம்தான் லாபம். இந்த எண்களில் எல்லைக்கோடு சுமார் 70 சதவீதத்தில் விழுகிறது. விலையில் ஐம்பது காசு ஏற்றித் தரச் சொல்லி மைய மேலாளரிடம் வாதாடுவதை விட, ஏற்பு விகிதத்தைப் பத்து சதவீதம் கூட்டுவதில் அதிகப் பணம் இருக்கிறது.

பழம் ஏன் தள்ளப்படுகிறது

முதல் காரணம் நிறம். பெங்களூரு வண்டிக்கும் சென்னை வண்டிக்கும் ஒரே பழம் ஆகாது. ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். பாதிக்கு மேல் சிவந்த பழத்தைக்கூட எடுப்பார்கள். சென்னைக்கு இரவு முழுக்க ஓடி, மறுநாள் கடையில் அடுக்கி, வாங்குகிறவர் வீட்டில் இரண்டு நாள் இருக்க வேண்டும். அதற்கு நிறம் திரும்பத் தொடங்கிய காய்ப்பழமே வேண்டும். எந்த ஊர் வண்டி என்று முந்தின நாளே கேட்காமல் பறித்தால், நல்ல பழமே 'ஓவர்' (அதிகம் பழுத்துவிட்டது) என்று திரும்பி வரும்.

இரண்டாவது ஈரம். பனி காய்வதற்குள் பறித்துப் பெட்டியில் அடைத்தால் நடுவில் வெப்பம் தங்கி அழுகல் தொடங்கும். மழை பெய்த மறுநாள் பறித்தால் வெடிப்பு சேரும். பனி உலர்ந்த பிறகு தொடங்கி, வெயில் ஏறும் முன் முடித்து, பெட்டிகளை மர நிழலிலோ பச்சை வலைக்குக் கீழோ வையுங்கள். வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற பெட்டியில் மேலடுக்குப் பழம் மையம் போய்ச் சேரும் முன்பே மெத்தென்று ஆகிவிடும்.

மூன்றாவது காம்பு. காம்போடு பறித்த பழம் பக்கத்துப் பழத்தைக் குத்தும். குத்துப்பட்ட இடம் தோட்டத்தில் தெரியாது, ஆறு மணி நேரம் கழித்துத் தெரியும். காம்பு நீக்கிப் பறிக்கச் சொல்லுங்கள். பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் ஆட்கள் இதைச் செய்யமாட்டார்கள். மையத்துக்குப் போகும் பறிப்புக்கு நாள்கூலியே சரி. பெட்டி விளிம்புக்கு மேல் கும்பாரமாகப் போட்டால் மேலே அடுக்கும் பெட்டி அழுத்தி நசுக்கும். விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே நிறுத்துங்கள்.

மீதிக் காரணங்கள் சாகுபடியில் இருப்பவை. பழத்தின் அடியில் கருத்துக் குழிந்த நுனி அழுகல் நோய்க்கிருமியால் வருவதில்லை. கால்சியம் பழத்துக்குப் போய்ச் சேராததால் வருவது. காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் கட்டினால் அது கூடும். சொட்டுநீரைத் தினமும் ஒரே அளவில் விடுங்கள். காய் பிடிக்கும் பருவத்தில் கால்சியம் குளோரைடு 0.5 சதவீதக் கரைசல், அதாவது லிட்டருக்கு 5 கிராம், காலை அல்லது மாலையில் தெளிப்பது உதவும். பழத்தின் மேல் வெள்ளையாகத் தோல் வெந்திருந்தால் அது வெயில் சூடு: இலை கழிந்துபோன செடியிலும் கொடி சாய்ந்த செடியிலும்தான் வரும். குச்சி கட்டிய தோட்டத்தில் இது குறையும். ஊசிப்புழு துளை காம்படியில் சிறிதாக இருக்கும். பிரிக்கிற ஆள் பழத்தைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். ஒரு பெட்டியில் நாலைந்து துளைப்பழம் கண்டால் சில மையங்கள் பெட்டியையே தள்ளிவிடும்.

மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டில் கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாள் அச்சிட்டிருக்கும். மையத்துக்குப் போகும் பழத்தில் அதைத் தவறவிட்டு, எச்சம் சோதனையில் பிடிபட்டால், அந்த ஒரு நாள் சரக்கு மட்டும் போகாது. உங்கள் பெயரே பட்டியலிலிருந்து போய்விடும்.

எடையும் ரசீதும்

காலிப் பெட்டியின் எடையை மையம் ஒரே எண்ணாகக் கழிக்கும். 2 கிலோ கழிக்கிறார்கள், உங்கள் பெட்டி 1.6 கிலோதான் என்றால் பெட்டிக்கு 400 கிராம் பழம் இலவசம். 40 பெட்டியில் 16 கிலோ; 20 ரூபாய் விலையில் 320 ரூபாய். ஐந்து காலிப் பெட்டியை அவர்கள் தராசிலேயே சேர்த்து நிறுத்தி, ஐந்தால் வகுத்துக் காட்டுங்கள். சண்டை வேண்டாம், எண்ணைக் காட்டினால் போதும்.

தராசுக்கு முத்திரை உண்டு. மின்னணுத் தராசை ஆண்டுக்கு ஒருமுறை முத்திரையிட வேண்டும், சான்றை வைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. எடை பற்றிய புகாரை மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். மண்டிக்கும் இதே விதிதான்.

ரசீதில் ஏற்ற எடை, தள்ளிய எடை, கழித்த பெட்டி எடை, விலை, பணம் வரும் தேதி ஐந்தும் இருக்க வேண்டும். தள்ளிய எடை எழுதாத ரசீதை வாங்கிக்கொண்டு வராதீர்கள். தள்ளிய பழத்தை அன்றே திருப்பி எடுத்து வருவதும் முக்கியம். 'இருக்கட்டும், நாங்கள் அப்புறப்படுத்துகிறோம்' என்றால் அது உங்கள் பணம். இரண்டாம் ரகமாக எங்கோ விலைக்குத்தான் போகும். மண்டியில் அன்றோ மறுநாளோ பணம் வரும். மையத்தில் வங்கிக் கணக்குக்கு வரச் சில நாள் ஆகும். வெளியில் வட்டிக்கு வாங்கிக் கூலி கொடுக்கிறவர்கள் அந்த வட்டியையும் மையச் செலவில் எழுதிக்கொள்ளுங்கள்.

மையம் விலையை எங்கிருந்து எடுக்கிறது

மண்டியிலிருந்துதான். முந்தின நாள் ராயக்கோட்டை, பாலக்கோடு, கர்நாடகத்தின் கோலார் ஏல விலைகளைப் பார்த்து, மாலையில் மறுநாளுக்கான விலையையும் அளவையும் சொல்வார்கள். இண்டென்ட் என்பது அதுதான். எனவே மைய விலை எப்போதும் ஒரு நாள் பின்னால் நடக்கும். விலை ஏறும் வாரத்தில் மண்டி முன்னே ஓடும், மையம் பின்தங்கும். இறங்கும் வாரத்தில் மைய விலை ஒரு நாள் தாமதமாக இறங்கும், அது உங்களுக்குச் சாதகம். ஆனால் இறங்கும்போது இண்டென்ட் அளவையும் வெட்டுவார்கள்: நேற்று 40 பெட்டி கேட்டவர்கள் இன்று 15 என்பார்கள். பறித்துவிட்டுத் தொலைபேசி போடாதீர்கள். அளவு உறுதியான பிறகு ஆள் சொல்லுங்கள்.

ஏறும் நாளெல்லாம் மண்டிக்கு ஓடி, விழும் நாளெல்லாம் மையத்தைத் தேடுகிறவருக்கு இண்டென்ட் நிற்காது. விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கை விலை எப்படி இருந்தாலும் மையத்துக்குத் தவறாமல் கொடுத்து, மீதியை மண்டியில் வைப்பதுதான் எங்களுக்குச் சரியாகப் படுகிறது. அந்த மூன்றில் ஒரு பங்கை மட்டும் பொறுக்கி எடுப்பதால் ஏற்பு விகிதமும் உயரும், மண்டிக்குப் போகும் கலவையும் பெரிதாகக் கெடாது.

தினசரி ஏல விலைக்கு 2018-ல் வந்த உழவன் செயலியையும் மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்தையும் பாருங்கள். கோலாரிலும் ஆந்திரத்தின் மதனப்பள்ளியிலும் வரத்து கூடினால் ஒன்றிரண்டு நாளில் இங்கே அடி விழும். அந்த இரண்டு ஊர் வரத்தைக் கவனிக்காமல் ராயக்கோட்டை விலையை மட்டும் பார்ப்பதில் பயனில்லை.

அலமாரி விலையை எப்படிப் படிப்பது

கடையில் 36 ரூபாய், நமக்கு 14 ரூபாய் என்றால் மீதி 22 ரூபாயையும் கடைக்காரர் விழுங்கிவிட்டார் என்று பேசுவது வழக்கம். பாதிதான் உண்மை. மையத்தில் 20 ரூபாய்க்கு வாங்கிய பழத்துக்கு மறுதரம் பிரிப்பு, பெட்டி, லாரி என்று 3 ரூபாய் சேர்ந்தால் 23. கடைக்குப் போய் விற்று முடியும் வரை நூற்றுக்குப் பதினைந்து கெட்டும் உலர்ந்தும் போகிறது என்றால், 23-ஐ 0.85-ஆல் வகுக்க வேண்டும்: 27 ரூபாய். (15 சதவீதத்தைக் கூட்டினால் 26.45 வரும், அது தப்புக் கணக்கு. விற்கும் 85 கிலோதான் 100 கிலோவின் விலையைச் சுமக்கிறது.) கடை வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் விற்பனை விலையில் 23 சதவீதம் என்றால், 27-ஐ 0.77-ஆல் வகுத்தால் 35 ரூபாய். பெரிய லாபம் இல்லாமலே 36 வந்துவிட்டது.

ரிசர்வ் வங்கியின் ஆய்வுக் கட்டுரை ஒன்று 2024-ல் கணித்தபடி, நுகர்வோர் தக்காளிக்குக் கொடுக்கும் ரூபாயில் விவசாயிக்குப் போவது சுமார் 33 காசு. வெங்காயத்தில் 36, உருளையில் 37. மேலே உள்ள கணக்கில் (கடையின் 36 ரூபாயில் நமக்கு 14) 38, 39 காசு வருவது அதற்கு வெகுதூரமில்லை.

கடை சில நாள் தக்காளியை வாங்கிய விலைக்கும் கீழே போட்டு விளம்பரம் செய்யும். தக்காளி, வெங்காய விலை எல்லோருக்கும் மனப்பாடம். அதை மலிவாகக் காட்டிக் கூட்டத்தை உள்ளே இழுத்து, எண்ணெயிலும் சோப்பிலும் எடுத்துவிடுவார்கள். எனவே 'கடையிலேயே 15 ரூபாய்தான்' என்று மையத்தில் யாராவது சொன்னால் அந்தச் சலுகை விலை உங்கள் விலைக்கு ஆதாரமில்லை. அன்றைய ஏல விலையை எடுத்துக் காட்டுங்கள். எதிர்ப்பக்கமும் அப்படியே: 2023 ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டி, தமிழ்நாடு அரசு சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. அப்படிப்பட்ட வாரத்தில் கடை விலையைக் காட்டிக் கேட்பதை விட, இண்டென்ட் கேட்டு அவர்களே வரும்போது பெட்டி எடையையும் தள்ளும் விதியையும் சரிசெய்து எழுதி வாங்குவது நீடித்த பலன்.

உழவர் சந்தை: சிறு அளவுக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் உழவர் சந்தைகளில் கமிஷன் கிடையாது. விலை மொத்த விலைக்குச் சுமார் 20 சதவீதம் மேலும், சில்லறை விலைக்குச் சுமார் 15 சதவீதம் கீழுமாக வைக்கப்படும். சிட்டா, அடங்கல், புகைப்படம், ஆதார் கொண்டுபோய் உழவர் அட்டை வாங்க வேண்டும். பயிர் நிற்பதை வயலில் பார்த்த பிறகே தருவார்கள். ஒரு நாளைக்கு 100 கிலோவுக்குள் விற்க நல்ல இடம். அதற்கு மேல் போனால் விற்கும் ஆளின் நாள்கூலி கணக்கைக் கெடுத்துவிடும். மையம் தள்ளிய பழத்தில் அளவு குறைவு என்பதற்காக மட்டும் தள்ளப்பட்ட, ஊறு இல்லாத சின்னப் பழத்தை இங்கே கொண்டுவந்தால் மண்டியின் 9 ரூபாயை விட நல்ல விலை போகும்.

முன்பணமும் எழுத்து ஒப்பந்தமும்

மண்டியில் முன்பணம் வாங்கியவர் அந்த மண்டிக்கே சரக்கு போட வேண்டும் என்பது எழுதாத சட்டம். மையத்துக்குக் கொடுக்கத் தொடங்கும் முன் அதைத் தீர்த்துவிடுங்கள், அல்லது எந்தப் பங்கு யாருக்கு என்று மண்டிக்காரரிடம் முன்கூட்டியே பேசுங்கள். இரண்டாம் ரகத்துக்கு எப்படியும் அவரிடம்தான் போக வேண்டியிருக்கும்.

நிறுவனம் நாற்று நடும் முன்பே விலை பேசினால் எழுத்தில் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2019-லேயே ஒப்பந்த சாகுபடிச் சட்டம் வந்துவிட்டது. தாளில் விலையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். பழத்தின் குறைந்தபட்ச அளவு, நிறம், நூற்றுக்கு எத்தனை குறைப்பழம் வரை பொறுப்பார்கள், தரத்தை யார் எங்கே பார்ப்பார்கள், இண்டென்ட் வெட்டினால் யார் நட்டம், பணம் எத்தனை நாளில் என்பவை விலைக்குச் சமமான வரிகள். 'தரம் நிறுவனத்தின் முடிவுக்கு உட்பட்டது' என்று ஒரு வரி இருந்தால் மேலே எழுதிய விலை வெறும் மைதான். அதை அடித்துவிட்டு, தோட்டத்திலேயே இரு தரப்பும் சேர்ந்து ஒவ்வொரு வண்டியிலும் மூன்று பெட்டியைக் கொட்டிப் பார்த்துத் தரம் முடிவு செய்வது என்று எழுதச் சொல்லுங்கள். வண்டி கிளம்பிய பிறகு தள்ளுவதற்கு அப்போது இடமிருக்காது.